பெரட்டில் ஒரு கேள்வி

மலேசியாவில், அசாம் ஜாவா என்ற எங்கள் ஊரின் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் டியூஷன் நடக்கிறது. கணக்கு என் பாடம். அடுத்த வகுப்பு செஜாரா, அதாவது சரித்திரம். அதை எடுப்பவர் என்னைவிட மிகவும் இளைய ஆசிரியை. சரித்திரம் என்றாலே கொட்டாவி விடும் ஆள் நான். ஆனாலும் என் வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பின் வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். அவர் சொல்லிக்கொடுக்கும் அழகு அப்படி.

வகுப்பைப் 'பெரட்டு' என்றுதான் தொடங்குவார். தோட்டத்தில் விடியற்காலையில் மண்டோர், அதாவது கங்காணி, ஆள்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு அதுதான் பெயர். இவருடைய பெரட்டில் ஆளுக்கொரு உலகச் செய்தி சொல்ல வேண்டும். சொன்னதும் கேட்பார்: "இது முன்னால யாருக்கு நடந்துச்சு?" எங்கோ சண்டையாம், கப்பல் வரவில்லையாம், உரம் விலை ஏறிவிட்டதாம் என்று பக்கத்து ஊரான சுங்கை புரோங்கிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒருமுறை சொன்னாள். இவர் நேரே ஜப்பான்காரன் காலத்துக்குப் போய்விட்டார். தோட்டத்து ஜனங்கள் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற கதையைச் சொல்லி, எங்கோ கடலில் கப்பல் நின்றால் இங்கே உலை எப்படி வெறுமனே காய்கிறது என்று விளக்கினார். என் மரமண்டையிலும் அது ஏறியது.

அந்த வகுப்பில் ஒரு பர்மாக்காரப் பெண்ணும் இருந்தாள். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை, பழைய தொழிலாளர் லயத்தில் வீடு. எங்கள் பிள்ளைகளோடு விளையாடியே தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். மற்றவர்களோடு வேனில்தான் வருவாள். ஒரு நாள் வேன்காரர் எங்களிடம் வந்து கையை விரித்துவிட்டார்.

"பெத்தவங்க கேக்கறாங்க டீச்சர், பெண்டாத்தாங்குக்கெல்லாம் நம்ம டியூஷன் எதுக்குன்னு. அந்தப் பிள்ளைய ஏத்தறது இன்னையோட சரி லா."

பெண்டாத்தாங் என்றால் மலாயில் வந்தேறி. வேன் இல்லையென்றால் அவளுக்கு வகுப்பும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆசிரியை என் கையை அழுத்தினார். வேன்காரரிடம், "உக்காருங்கண்ணே, பெரட்டு முடியட்டும்" என்றார்.

அன்றைய முதல் செய்தியை, அதே வகுப்பில் படிக்கும் வேன்காரரின் மகளே சொன்னாள். அகதிகள் வந்த படகைக் கரையில் இறங்கவிடாமல் திருப்பிவிட்டார்களாம்.

ஆசிரியை, நம்மவர்கள் கப்பலில் வந்து இறங்கிய கதையைச் சொன்னார். பிறகு கேட்டார்: "அப்போ நம்மள என்னன்னு கூப்பிட்டாங்க?"

"கூலி" என்றது ஒரு குரல்.

"இப்போ?"

பர்மாக்காரப் பெண் குனிந்த தலை நிமிரவில்லை. வேன்காரரின் மகள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"பெண்டாத்தாங். ஸ்கூல்ல என்னைய அப்படித்தான் கூப்பிடறாங்க டீச்சர்."

வேன்காரர் எழுந்துவிட்டார். "எப்பம்மா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"அடிக்கடிதான் பா. சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்க லா."

வேறு யாராவது என்றால் அங்கே ஒரு பிரசங்கம் செய்திருப்பார்கள். நானே செய்திருப்பேன். ஆசிரியையோ அடுத்த பிள்ளையிடம் செய்தி கேட்டார். அந்த இடத்தில்தான் அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பு பக்தியாகவே ஆனது.

அடுத்த சனிக்கிழமை மண்டப வாசலிலேயே நின்றிருந்தேன். வேன் வந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்களும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"பெத்தவங்க ஒன்னும் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னாங்க அக்கா. அவள எறக்கணும்னா என் மகளையும் சேத்துத்தான் எறக்கணும்னு சொல்லிட்டேன்."