ஜெயாவின் உயரத்துக்கு ஒரு பெட்டி

தேவதாஸ் செய்த ஒரே பாவம், தச்சு வேலை தெரிந்து வைத்திருந்ததுதான். ஜப்பான்காரன் காலத்தில் எது தெரிந்திருந்தாலும் ஆபத்து.

காஜா பெராங் மேட்டில் மரவள்ளி நடுவதற்காகக் கொத்தியபோது செம்பூராங்கல் சுவர் ஒன்று தட்டுப்பட்டது. எந்தக் காலத்துக் கிறிஸ்தவ ஊரின் கோயிலோ, பெயர்கூட எவருக்கும் தெரியவில்லை. சுவரை ஒட்டி, கைகளை மார்பில் சேர்த்து, கிழக்கே கால் நீட்டி எலும்புக்கூடுகள். ஒன்றின் விரலிடுக்கில் ஜெபமாலை மணிகள்.

எல்லோரும் 'துவான்' என்று கும்பிட்ட ஜப்பான் அதிகாரிக்குப் பழம்பொருள் என்றால் உயிர். எலும்புகளை டோக்கியோவுக்கு அனுப்பத் தேவதாஸைப் பெட்டி செய்யச் சொல்லி, லாரியில் பலகை இறக்கினான். ஊரிலோ செத்தவர்களைப் பாயில் சுருட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் ஜெயா கால் வீங்கிக் கிடந்தாள்.

"ஏங்க, என்னையப் பாயில சுருட்டிறாதீங்க. பெட்டியில வைங்க."

"சும்மா கெட. நீ எங்கயும் போகப் போறதில்ல," என்று மனைவியை அதட்டினான். ஆனாலும் ஒரு பெட்டிக்கு மட்டும் அவள் உயரத்துக்குப் பலகை அறுத்தான்.

"எலும்புக்கு எதுக்குப்பா இவ்ளோ நீளம்? துவான் கேக்குறாரு," என்றார், அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் கணக்குக் கிராணி கருணாகரன்.

"எங்க கிறிஸ்தவங்கள மடக்கி வைக்கக் கூடாதுங்க," என்று கூசாமல் புளுகினான் தேவதாஸ். அதிகாரி பயபக்தியோடு தலையசைத்தான்.

ஜெயா செத்த காலையில் மேட்டுக்கு ஓடினான். அந்த நீளப் பெட்டியில் ஜெபமாலைக்காரர் சுகமாக நீட்டிப் படுத்திருந்தார்.

"அவரச் சின்னப் பெட்டிக்கு மாத்திட்டு, இத எம் பொண்டாட்டிக்குக் குடுங்க, துவான்."

அதிகாரி சொன்னதைக் கருணாகரன் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "மடக்கக் கூடாதுன்னு நீதானப்பா சொன்ன. துவான் ஒங்க மதத்த மதிக்கிறாராம்."

மதிக்கிறானாம்! தேவதாஸ் வீட்டுக்குத் திரும்பினான். ஜெயாவைப் பாயில்தான் சுருட்டினான். ஜெபமாலைக்காரரைத் தூக்கிய குழி காலியாகத்தான் இருந்தது. அதிலேயே இறக்கி மண்ணைத் தள்ளினான்.

பெட்டிகளை ஏற்ற லாரி வரவேயில்லை. அதிகாரியை எங்கோ மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவனுக்கு எலும்பில் அக்கறையில்லை, குளிக்க வெந்நீர்தான் வேண்டும். எலும்புகளைப் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் பெட்டிகளைப் பிளந்து அடுப்பில் வைக்கச் சொன்னான். அதற்கும் தச்சனைத்தான் கூப்பிட்டார்கள்.

நீளப் பெட்டியைக் கடைசிவரை ஒதுக்கியே வைத்திருந்தான் தேவதாஸ். வெந்நீர் போதவில்லை என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கோடரியை எடுத்து அதையும் பிளந்தான்.

நல்ல பலகை. நெடுநேரம் நின்று எரிந்தது.