துலுக்காணத்தின் பாட்டு வேன்

ஊத்துக்கோட்டையில் மைக்செட் வைத்திருந்த துலுக்காணத்துக்கு, கரண்ட் இல்லாத குப்பங்களிலும் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று ஆசை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ஒரு பழைய வேனை வாங்கி, இன்ஜின் ஓட்டத்தில் கரண்ட் எடுக்கும் ஆல்டர்னேட்டரை அதில் மாட்டினான். பாட்டுக்கென்று பின்னால் இரண்டு பேட்டரிகளை ஏற்றி, வண்டியின் பேட்டரியோடு ஒயரால் சேர்த்துவிட்டான். வண்டி ஓடினால் மூன்றும் சார்ஜ் ஆகிவிடும், அவ்வளவுதானே!

முதல் கிராக்கி, பழவேற்காடு ஏரியோரத்தில் மீன்பிடிக்கும் செங்கல்வராயன் மகள் கல்யாணம். காலையிலிருந்து துலுக்காணத்தின் மனைவி கோவிந்தம்மா ரிகார்டை மாற்றி மாற்றிப் போட, குப்பமே ஆடியது. மத்தியானம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வேனில் ஏற்றிச் சாவியைத் திருப்பினால், 'டொக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. பாட்டு, வண்டியின் பேட்டரியையும் சேர்த்துக் குடித்திருந்தது.

"இன்னா துலுக்காணம், பொண்ண தோணியில ஏத்தட்டுமா?" என்றார் செங்கல்வராயன்.

"இரு அண்ணே, ஒரு தள்ளு தள்ளுனா போதும்."

வலை இழுக்கிற ஆட்கள் கை கொடுத்தார்கள். கல்யாணப் பெண்ணும் இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போவதற்குள் புகை நாற்றம். காலியான இரண்டு பேட்டரிகளும் ஒரே நேரத்தில் கரண்டை இழுத்ததில், மெல்லிய ஒயர் உருகிக்கொண்டிருந்தது. துலுக்காணம் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அதைப் பிடுங்கினான்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் கோவிந்தம்மா கேட்டாள்: "வண்டியோட பேட்டரிய பாட்டு ஏன்யா தொடணும்? நடுவுல ஒரு கதவு வெச்சா இன்னா?"

துலுக்காணம் வாய்விட்டுச் சிரித்தான். மறுநாளே கதவு வைத்தான்: கனமான கேபிள், பாட்டுக்கான ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு ஸ்விட்ச், ஒரு பியூஸ். இன்ஜின் ஓடும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது, வண்டி நின்றதும் அணைப்பது. சார்ஜ் ஆகும்போது வருகிற, தீப்பற்றக்கூடிய கேஸ் வெளியேற, பேட்டரிப் பெட்டியில் ஓட்டைகளும் போட்டான். அதன்பிறகு எத்தனையோ கல்யாணங்களில் நாள் முழுக்கப் பாடிவிட்டு, ஒரே திருப்பில் கிளம்பினான்.

சில வருஷங்கள் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் எழும்பின. சரக்குக்காகக் காத்துக்கிடந்த லாரி டிரைவர்கள், ஃபேனும் ரேடியோவும் ஓடத் தங்கள் லாரியிலும் அதேபோல் தனிப் பேட்டரி கேட்டு வந்தார்கள். துலுக்காணம் கல்யாணத்துக்குப் போன நாட்களில் கோவிந்தம்மாவே மாட்டிக்கொடுத்தாள். பற்றவைத்த பீடியோடு பெட்டியை எட்டிப்பார்த்த ஒரு டிரைவரை, "கேஸ் வருதுய்யா, அப்பால போ!" என்று அவள் துரத்தியதில், அவர் எதிர்க் கடை வரைக்கும் ஓடிப்போய், அங்கிருந்தே வேலை முடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.