மூடிய கண்ணில் அசைந்த கை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து பீடி வாங்கப் போய்விடுகிற ஆள் நான். கல்லறைத் தோட்டம், சுடுகாட்டுக் கொட்டகை, அடைத்துக் கிடக்கிற கடைவாசல் என்று எல்லா இடத்திலும் படுத்துத் தூங்கியிருக்கிறேன், கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொட்டதில்லை. நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் நடந்தது.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழர்கள் தங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எதிலும் சேராதவன், காட்டாக்கடைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு சுமந்துவிட்டுப் பாறசாலைக்கு நடந்துகொண்டிருந்தேன். அமரவிளை தாண்டியதும் லாரியில் வந்த தடிக்காரர்கள் பிடித்து எங்கே போகிறாய் என்று கேட்டார்கள், தமிழில் பதில் சொன்னேன், அது போதுமாக இருந்தது. இரண்டு கண்ணிலும் மிளகாய்ப்பொடியைத் தேய்த்து ஓடையில் தள்ளிவிட்டுப் போனார்கள்.

என்னைக் கைபிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனவள் எஸ்தர், கைக்குழந்தைக்காரி. அவள் புருஷன் நேசையன் போராட்டத்தில் முன்னால் நின்றவன். முந்தின நாள் அதே லாரியைக் கண்டு ஓடியவன் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கத்தில் கண்ணில் எது பட்டாலும் தாய்ப்பால்தான் மருந்து. என்னைப் பாயில் மல்லாத்தி, இமையை விரித்துப் பிடித்துப் பீச்சினாள்.

"பிள்ளைக்க பங்காக்கும். அவன் வளந்து சண்டைக்கு வந்தா நீதான் பதில் சொல்லணும்."

எரிச்சல் தாங்காமல் மூடிய கண்களை உள்ளங்கையால் அமுக்கினேன். அமுக்கினால் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும், மஞ்சளும் பச்சையும் வட்டமாக ஓடும், எல்லோருக்கும் வருவதுதான். எனக்கு அந்த மஞ்சள் விலகி, செங்கல்லுக்கு மண் எடுத்த ஒரு குழி தெரிந்தது, அதில் கழுத்தளவு சேற்றில் ஒரு ஆள், ஒரு கை மட்டும் மேலே, அது அசைந்தது. வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

"எந்தக் கை?"

"இடது கை அக்கா. பெருவிரல் இல்ல."

"அவருக்க கையாக்கும்" என்றாள்.

அங்கே அப்படிப்பட்ட குழிகள் நிறையக் கிடந்தன. எது என்று தெரிந்தாக வேண்டும். என் கையைத் தட்டிவிட்டுத் தன் பெருவிரல்களை என் கண்களில் வைத்து அமுக்கினாள்.

"கரையில என்ன நிக்குது? சொல்லுலே."

"விடுங்கக்கா, கண்ணு போயிரும்."

"போட்டும். ஒனக்குப் போனா கண்ணு, எனக்குப் போனா ஆளாக்கும்."

விட்டால் இருட்டு, அமுக்கினால் தெரிந்தது. தென்னை என்றேன், தென்னை இல்லாத கரை எங்கே உண்டு என்று இன்னும் அமுக்கினாள். குழந்தை அழுதது, அவள் திரும்பவில்லை, என் மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை அசைந்தது, முந்தின தடவையைவிட மெதுவாக.

"இடிஞ்ச சூளை ஒண்ணு நிக்குதுக்கா" என்றேன் கடைசியில்.

"கை அசையுதா?"

"இல்ல."

அப்போதுதான் விரலை எடுத்தாள்.

ஆட்கள் ஓடினார்கள். இடிந்த சூளைக் குழி அரை மைல்கூட இல்லை. நேசையனைத் தூக்கிப் போட்டபோது உடம்பில் சூடு இருந்ததாகச் சொன்னார்கள். "இப்பம் வரைக்கும் உயிரோட கெடந்தாரா?" என்று எஸ்தர் ஒரே தடவைதான் கேட்டாள்.

அமுக்கும்போது வரும் வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே உண்டாவது, வெளியில் ஒன்றும் கிடையாது என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். இருக்கலாம். நேசையனைப் புதைத்த கல்லறைக் குழியில் நானும் ஒரு பிடி மண் போட்டவன். ஆனாலும் இப்போது தூக்கக் கலக்கத்தில் தெரியாமல் கண்ணைக் கசக்கிவிட்டால் அவன் வருகிறான். கை அசைகிறது, முதல் தடவை அசைந்த அதே வேகத்தில்.