பத்து நிமிடப் படம்

ஊரில் யாருக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தாலும், "என் தம்பிதான் எடுப்பான்" என்று லவீனியா முந்திக்கொள்வாள். பாய் பின்னி விற்றே தம்பி ஃபெலேத்தியை ஃபிஜிக்கு அனுப்பிப் படிக்கவைத்தவள் அவள். ஆனால் விவரம் தெரிந்த நாள்முதல் இருவரும் ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அக்காவும் தம்பியும் உடம்புச் சங்கதி பேசுவது டோங்காவில் இல்லாத வழக்கம்.

கர்ப்பப்பையை எடுத்த பன்னிரண்டாம் நாள் அவளுக்கு இடது விலாப்பக்கம் வலித்தது. பாவாடை ஓயாமல் நனைந்தது. டாக்டர் ஸ்கேன் எழுதினார்.

"வேற என்ன தொந்தரவுக்கா? கூச்சப்படாம சொல்லு," என்றாள் நர்ஸ் ஓஃபா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றான். "முதுகுவலிதான்டி. வேறொண்ணுமில்ல."

ஊசியில் மருந்து ஏற்றி முதல் படம் எடுத்தார்கள். அந்த மருந்து சிறுநீரோடு இறங்கிய பிறகு எடுக்கும் படத்தில்தான் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் எங்காவது கசிகிறதா என்பது தெரியும்.

"இன்னும் பத்து நிமிஷம் படுத்திருக்கணுமாம்," என்றாள் ஓஃபா.

"தம்பி முன்னால மல்லாந்து கெடக்க நான் என்ன அடுப்புக்குழியில வைக்கப்போற பன்னியாடி?"

எழுந்துவிட்டாள். ஃபெலேத்தி தலைகுனிந்து வழிவிட்டான். அக்காவை மறிக்கும் தம்பி அங்கே கிடையாது. முதல் படத்தில் தெரிந்த லேசான சிறுநீரக வீக்கத்தை, அறுவைக்குப் பின் வருவதுதான் என்று விட்டுவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் ஈரம் தானாக நின்றது. வலியும் தணிந்தது. அந்த ஞாயிறு தேவாலயத்தில் அவள் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

அடுத்த வாரம் குளிர்க்காய்ச்சல் கண்டு அவளைத் தூக்கிவந்தார்கள்.

"அப்ப கொஞ்சம் நனைஞ்சுட்டு இருந்துச்சு. அதுதான் நின்னுபோச்சே," என்றாள் ஓஃபாவிடம், மெதுவாக.

அதைச் சொல்ல ஓஃபா உள்ளே ஓடினாள். இம்முறை ஃபெலேத்தியே வந்து, சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"அக்கா, பத்து நிமிஷம். எந்திரிக்காதே."

அவன் அவளுக்கு இட்ட முதல் கட்டளை. படுத்திருந்தாள்.

படத்தில் வலப்பக்கம் வெள்ளை நூலாக மருந்து இறங்கியிருந்தது. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. கர்ப்பப்பையை எடுத்தபோது குழாய் காயப்பட்டிருந்தது. அது ஆறியதால் ஈரம் நிற்கவில்லை. சிறுநீரகம் செத்ததால் நின்றது.

அந்தச் சிறுநீரகத்தை எடுத்த மறுநாள், "உன் தம்பி வெளியே உக்காந்து அழறான்க்கா," என்றாள் ஓஃபா.

"அவன்கிட்ட சொல்லு, எந்திரிச்சுப் போனவ நான்தான்னு."

"நீயே சொல்லேன். திரைக்கு அந்தப் பக்கந்தான் இருக்கான்."

லவீனியா திரையைப் பார்த்தாள். போர்வையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.