மாங்கூழ் ஆலைக்கு ஒரு எமுலேட்டர்

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நான் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய காலத்தில், இந்த மாவட்டத்திலேயே கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், பெரும்பாலும் அது உண்மையும்தான். எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில் படித்துவிட்டு வந்த திமிர் வேறு.

மாம்பழ சீசன் தொடங்கிய வாரத்தில் காவேரிப்பட்டணம் சாலையிலிருந்த ஒரு மாங்கூழ் ஆலையின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோடை மழையில் இடி விழுந்து ஆலையின் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போயிருந்தது. அவசரமாகப் புது பி.சி. ஒன்று வாங்கிவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய புரோகிராம் பழைய மிஷினுக்கென்று எழுதியது, புதியதில் ஓடவில்லை. எழுதியவரோ துபாயில் இருந்தார்.

அந்தப் புரோகிராம் செய்த வேலை சின்னதுதான். ஒவ்வொரு தொட்டிக் கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து எண்களைத் தட்டினால், அதில் எத்தனை கிலோ சர்க்கரை, எத்தனை கிலோ சிட்ரிக் ஆசிட் சேர்க்கவேண்டும் என்று திரையில் காட்டும். அதை இயக்கியவர் நாற்பது வயது அக்கா ஒருவர். முன்பு அதே ஆலையில் பழம் வெட்டியவர். மாம்பால் பட்டு வெந்த தழும்புகள் அவர் விரல்களில் அப்படியே இருந்தன. இங்கிலீஷ் தெரியாது. எந்தக் கேள்விக்குப் பின்னால் எந்தக் கேள்வி வரும் என்பது மட்டும் அவருக்கு மனப்பாடம்.

"இது ஓடலைன்னா பெங்களூர்ல இருந்து புது புரோகிராமும் அதுக்கு ஒரு ஆளும் வந்துரும்ங்க டீச்சர்" என்றார் மேனேஜர். "இந்தம்மாவ மறுபடி வெட்டுற ஷெட்டுக்கே அனுப்பிர வேண்டியதுதான்." அக்கா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

"ஓடும் சார். ஓடாம எங்க போகும்?" என்றேன்.

புது கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கவைக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். பெங்களூர் நண்பரிடமிருந்து இரண்டு வாங்கிவந்தேன், ஒவ்வொன்றும் ஒரு பிளாப்பியில். ஒன்று அசுர வேகம். மற்றது பழைய மிஷினின் வேகத்தையும் சேர்த்தே காப்பியடித்து ஆமையாய் நகர்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன், இரண்டையும் ஓட்டினேன், எண்களைத் தட்டினேன். இரண்டிலும் ஒரே விடை. அப்புறம் என்ன யோசனை? காசு கொடுத்துப் புது மிஷின் வாங்கிவிட்டு யாராவது ஆமையை ஓட்டுவார்களா? வேகமானதையே போட்டுக்கொடுத்தேன். மேனேஜர் கைதட்டாத குறை.

மறுநாள் சாயங்காலமே ஆலை ஜீப் வந்து என்னை அழைத்துப்போனது. ஒரு தொட்டிக் கூழ் முழுக்கப் புளிப்பு, வாயில் வைக்க முடியவில்லை. முந்தைய தொட்டிக்குச் சொன்ன ஆசிட் அளவை அக்கா இந்தத் தொட்டிக்கும் சொல்லிவிட்டார்.

"புது மிஷின் வேகத்துக்கு இந்தம்மாவால ஈடு குடுக்க முடியலீங்க" என்றார் மேனேஜர். "நாளைக்கே பெங்களூருக்கு போன் போடறேன்."

"என் எமுலேட்டர்ல ஒரு தப்பும் இல்ல சார்" என்று சட்டென்று சொன்னேன். முதலில் என் பேரைத்தானே காப்பாற்றிக்கொள்ளத் தோன்றுகிறது! அக்காவின் முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது, என் வாயாலேயே அவரைக் கத்தி பிடிக்க அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று.

"அக்கா, இன்னைக்கு எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே ஒரு தடவ செஞ்சு காட்டுங்க" என்றேன்.

செய்தார். எண்களைத் தட்டினார், விடை வந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மிஷின் இரைச்சலுக்கு மேலே, கீழே தொட்டியடியில் நின்றவரிடம் அளவைக் கூவினார். அவர் அதையே திருப்பிக் கூவினார். சரிதானா என்று பார்க்க அக்கா திரைக்குத் திரும்பினார். திரை காலி. அடுத்த தொட்டிக்கான கேள்வி வந்து நின்றது.

"காலையில எல்லாம் ரெண்டு ரெண்டு தடவ தட்டித்தான் பாத்தேனுங்க" என்றார். "மத்தியானம் தொட்டி வரிசையா நின்னுருச்சு. சார் சத்தம் போட்டாரு. ஞாபகத்துல இருந்தத சொல்லிட்டேன்."

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். விடையைக் காட்டியதும் ஒன்று, இரண்டு என்று ஆயிரக்கணக்கில் எண்ணி, எண்ணி முடித்தபின் திரையை அழி என்று அந்த துபாய்க்காரர் எழுதியிருந்தார். இவர் கூவி, அவர் திருப்பிக் கூவி, இவர் சரிபார்க்கிற நேரம்தான் அந்த எண்ணிக்கை. பழைய மிஷின் நிதானமாக எண்ணியது. நான் கொடுத்த வேகக் குதிரை, அக்கா ஜன்னலில் தலையை நீட்டித் திரும்புவதற்குள் எண்ணி முடித்துவிட்டது.

"சார், தப்பு என்னுது" என்றேன். "நான் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு. இவங்களோடது இல்ல." சொல்வது கசந்தது, ஆனாலும் தெளிவாகவே சொன்னேன். பிளாப்பியை மாற்றி ஆமையைப் போட்டேன். "நீங்களே நின்னு பாருங்க."

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா கூவினார், கீழிருந்து பதில் வந்தது, அக்கா திரும்பிப் பார்த்தார், "போடு" என்றார். அப்புறம்தான் திரை அழிந்தது. மூன்று தொட்டி பார்த்துவிட்டு, "சரி, போன் வேணாம்" என்று மேனேஜர் வெளியே போனார்.

இன்னும் ஏதாவது இடறுகிறதா பார்க்கலாம் என்று நான் மறுபடி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். "நேத்தே இதச் சொல்லியிருக்கலாமில்லக்கா?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலீங்களே டீச்சர். வந்தீங்க, உக்காந்தீங்க, நீங்களே தட்டிப் பாத்தீங்க, நீங்களே நல்லாருக்குன்னீங்க."

திரை அழிந்து அடுத்த தொட்டிக்கான கேள்வி வந்து நின்றது.

"கொஞ்சம் எந்திரிங்க" என்றார் அக்கா. "அது என் நாற்காலி."