அய்யா கிட்டாரின் வால்யூம்

எங்கள் அய்யா விசைப்படகு டிரைவர். படகு முதலாளியுடையது. ஓட்டுவது மட்டும் அய்யா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்குக் கிட்டார் வாசிப்பார். வேறு பழக்கம் கிடையாது. குடி இல்லை, சீட்டு இல்லை. அதனால் அம்மா அந்தக் கிட்டாரை ஒன்றும் சொல்வதில்லை.

கிட்டார் அய்யாவின் கூட்டாளி கொடுத்தது. அவர் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். எந்த ஊரிலோ வாங்கியதை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். கரண்ட் கிட்டார்தான், ஆனால் முழுக்கட்டை இல்லை. நடுவில் கட்டை, இரண்டு பக்கமும் உள்ளே பொள்ளல். முகத்தில் தூண்டில் முள் மாதிரி வளைந்த துவாரம் இரண்டு. சத்தத்துக்கு இரண்டு திருகு. திருகைச் சுற்றி ஒன்றிலிருந்து பத்துவரை எண் போட்டிருக்கும். நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே அதை வைத்துத்தான் எண் படித்தேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அய்யா கோயிலில் சத்தத்தைக் கூட்ட ஆரம்பித்தார். பாடுகிற அக்காமார் வாய் அசைவது தெரியும், பாட்டு கேட்காது. காணிக்கைப் பாட்டின்போது பின்வரிசைக் கிழவர் ஒருவர், "இது பூசையா, எஞ்சின் ரூமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அய்யா காதில் அது விழவில்லை. விழுந்தும் காட்டிக்கொள்ளாமல் இருந்தாரோ என்னவோ. விசைப்படகில் டிரைவர் உட்காருகிற பலகைக்குக் கீழேதான் எஞ்சின் ஓடும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவர் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

என் மாமா, அம்மாவின் தம்பி, மைக்செட் கடை வைத்திருந்தார். கோயிலுக்கும் அவர்தான் மைக் கட்டுவார். ஒரு நாள் அம்மா கொடுத்துவிட்ட மீன் குழம்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அய்யாவின் கிட்டார் மேசையில் மல்லாந்து கிடந்தது. திருகு கரகரக்கிறது என்று காலையில்தான் அய்யா கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்தில் உபதேசியார் நின்றார். கோயிலில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர்.

"நீ ஒரு வார்த்த சொல்லுப்பா ஒங்க மச்சான்கிட்ட. கிறிஸ்மஸ் வருது. பங்குச் சாமியார் எங்கிட்டல்ல ஏறுறாரு."

"என்னன்னு சொல்லச் சொல்றீக? மச்சான், ஒங்களுக்குக் காது மந்தமாயிருச்சுன்னா? இங்கன சொன்னா அங்கன முதலாளிக்குப் போயிரும். காது கேக்காத டிரைவருக்கு எவன் படகு குடுப்பான்?"

"அப்ப நாங்க ஊமைப் பாட்டுத்தான் பாடணுமா?"

"நான் பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல. அவருக்கும் தெரியாம, ஊருக்கும் தெரியாம முடிச்சுத் தாறேன்."

நான் குழம்பை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தேன். அந்த மாதிரிக் கிட்டாருக்கு முதுகில் மூடி கிடையாது. உள்ளே இருப்பதை எடுப்பதும் வைப்பதும் முகத்தில் இருக்கிற துவாரம் வழியாகத்தான். வெளியே எடுப்பது சுலபம். திரும்ப அதே ஓட்டையில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பாடு. மாமா வலைக்குப் போடுகிற தங்கூஸ் நரம்பை எடுத்துத் திருகின் தண்டில் சுருக்குப் போட்டார். தண்டை உள்ளே தள்ளிவிட்டு, கொக்கிக் கம்பியால் துவாரம் வழியாக இழுத்தார். இன்னொரு திருகையும் அப்படியே எடுத்தார். வெளியே வந்தவை உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தன. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இரண்டு எடுத்தார். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சின்ன உருளையை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். நெல்லு அளவுதான் இருக்கும். மேலே கலர் கலராகக் கோடு.

"இது என்ன மாமா?"

"மிட்டாய். திங்குறியா?"

உபதேசியார் குனிந்து பார்த்தார்.

"இனிமே பத்துல வச்சாலும் பழைய அஞ்சுதான் வரும்" என்றார் மாமா. "மச்சான் பத்துலயே வச்சுக்கிட்டுச் சந்தோசமா வாசிக்கட்டும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா சுருக்கைப் புதுத் தண்டில் மாட்டி, தங்கூஸின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். புதுத் தண்டு ஓட்டையில் தலையை நீட்டியது.

சாயங்காலம் அய்யா வந்தார். கடையிலேயே மாட்டி வாசித்துப் பார்த்தார். திருகினார், நிறுத்தினார், மறுபடி திருகினார்.

"சத்தம் கம்மியா இருக்கே மாப்ள. புதுசு போட்டாக் கொறையுமா?"

"அதெல்லாம் ஏன் மச்சான் கொறையுது? முன்னைய விட நல்லாத்தான் வருது. கரகரப்புப் போச்சுல்ல, அதான் ஒங்களுக்கு அப்படித் தெரியுது."

அய்யா மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பச் சரி" என்றார்.

கிறிஸ்மஸ் பூசை நல்லபடியாக நடந்தது. பாட்டு கேட்டது. உபதேசியார் வந்து அய்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அய்யா திருகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் பத்தில் இருந்தன.

வீட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி உண்டு. அதில் இருந்த திருகு உடைந்து, ஒரே சத்தத்தில் நின்றுபோனது. கடலுக்குப் போகாத நாளில் அய்யா அந்தப் பெட்டியை வாசலோரம் வைப்பார். கிட்டாரோடு அடுப்படிப் பக்கம் போய், பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காருவார். ஒரே நரம்பைத் தட்டிக்கொண்டே திருகை மெல்ல மெல்லக் கூட்டுவார். ஓர் இடத்தில் நிறுத்துவார். எண்ணைப் பார்ப்பார். கிட்டாரை எடுத்து வைத்துவிடுவார். பாட்டே வராது. சுருதி சேர்க்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

கிறிஸ்மஸ் முடிந்த வாரமும் அப்படி உட்கார்ந்தார். தட்டினார், திருகினார். மறுபடி முதலில் இருந்து தட்டினார், திருகினார். பிறகு கை நரம்பை விட்டுவிட்டது. எண்ணைப் பார்த்தபடியே இருந்தார். அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றார்.

மறுநாள் படகு போக வேண்டிய நாள். அய்யா போனார், உடனே திரும்பி வந்தார். எஞ்சின் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டார்.

படகில் கூடப் போகிறவர்கள் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏண்ணே, எங்க மேல எதும் கோவமா? இருந்தா மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க."

"கோவம் இல்லப்பா."

"பின்ன?"

"போதும்னு தோணுச்சு."

"நரைகூட விழல, அதுக்குள்ள என்னண்ணே போதும்?"

இன்னொருவன், இளந்தாரி, "அண்ணன் சாமியாராப் போகப் போறாரு போல" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

விசயத்தை அய்யா அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா மாமாவை வரச் சொன்னாள். அய்யா வீட்டில் இல்லாத நேரம். நான் அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, ஒங்க மச்சானுக்குக் காது போச்சாம்லே" என்றாள் அம்மா. "அந்தக் கிட்டார வச்சுத்தான் பாத்துக்கிட்டே வந்திருக்காரு. முன்ன மூணுல கேட்டுச்சாம், பெறகு நாலாச்சாம். இப்ப எட்டு வச்சாத்தான் கேக்குதாம். வலை இழுக்கும்போது பின்னால ஒருத்தன் நிப்பாட்டுன்னு கத்தி, அது என் காதுல விழாம, ஒரு புள்ளைக்குக் கயித்துல கை போச்சுன்னா அவன் ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்லன்னு கேக்குறாரு."

மாமா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, அது காது இல்லக்கா."

"என்னலே சொல்ற?"

மாமா எல்லாவற்றையும் சொன்னார். கோயிலில் சிரித்தது, உபதேசியார் வந்தது, பத்தை ஐந்தாக்கியது. கடைசியில் எழுந்து நின்றார்.

"காது கொஞ்சம் மந்தம்தான். ஆனா படகு ஓட்ட முடியாத அளவுக்கு இல்லக்கா. நான் இப்பவே போயிச் சொல்லிருறேன். பிரிச்சு எடுத்தா முடிஞ்சுபோச்சு. சாவிய முதலாளி இன்னும் வேற ஆளுகிட்டக் குடுக்கல."

உலை கொதித்துப் பொங்கியது. அம்மா மூடியைத் தள்ளிவிட்டாள். அவளைப் பெற்றவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடல்கூடக் கரைக்கு வரவில்லை. காற்று அடிக்கிற நாளில் அய்யா படகு வந்து சேர்கிறவரை அம்மா பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாள்.

"வேணாம்" என்றாள்.

"என்ன வேணாம்?"

"சொல்ல வேணாம். அது அப்படியே கெடக்கட்டும்."

"அக்கா, எஞ்சின விட்டுட்டு அவரால இருக்க ஏலாதுக்கா. உள்ளுக்குள்ளயே செத்துப்போவாரு."

"கண்ணு முன்னால சாகட்டும்லே. நான் பாத்துக்கிறேன்."

"பாவம்க்கா."

"பாவம்னா எனக்கு வரட்டும். நீ போயி ஒன் சோலியப் பாரு."

மாமா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். "தோல ஒழுங்கா எடுடி" என்றாள். கிட்டார் ரிப்பேருக்காக அக்காவும் தம்பியும் சண்டை போடுகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. மாமா அதற்குப் பிறகு அய்யா இருக்கிற நேரத்தில் வீட்டுக்கு வரவில்லை.

சாவி வேறு ஆளுக்குப் போனது. அய்யா ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கப் போனார். சாயங்காலம் வரும்போது விரல் வெளுத்து விறைத்திருக்கும். கோயிலில் ஒரு பையன் கீபோர்டு வாசித்தான். அய்யா பின்வரிசையில் கிழவர்களோடு உட்கார்ந்தார். கிட்டார் கட்டிலுக்கு அடியில் போனது.

அதே சமயத்தில்தான் அம்மா கத்த ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் அவள் குரல் பக்கத்து அறைக்குக் கேட்காது. இப்போது "சோறு வச்சிருக்கேன்" என்றால் தெருமுனைக்குக் கேட்கும். "சட்டையக் கழட்டிப் போடுங்க", "வெளக்க அணைங்க" எல்லாம் கத்தல்தான். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பாள்.

"என்னடி, விடிஞ்சதும் சண்டையா?"

அம்மா காதைத் தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போவாள். கொஞ்ச நாளில் தெருவும் அய்யாவிடம் கத்திப் பேசப் பழகிக்கொண்டது. டீக்கடையில், கோயில் வாசலில், கம்பெனியில், எல்லாரும் கையை ஆட்டிக் கத்திப் பேசினார்கள். அய்யா தலையை ஆட்டுவார். அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

எனக்கு அம்மா மேல் கோபம். அய்யா கடலுக்குப் போகாததால்தான் இப்படி ஏசுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அவர் வீட்டில் இருப்பது பிடித்திருந்தது. அதற்காக ஏன் ஏச வேண்டும்? ராத்திரி செபத்தில், அம்மா அய்யாவை ஏசக் கூடாது என்று மாதாவிடம் கேட்டுக்கொள்வேன்.

ஒருநாள் அம்மா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அய்யா வாசல் மணலில் உட்கார்ந்து விரல் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகை ஒட்டிப் போய் நின்றேன். அம்மாவுக்குக் கேட்டால் அடி விழும். அதனால் வாய்க்குள்ளேயே கேட்டேன்.

"அய்யா, அம்மா ஏன் ஒங்கள இப்படி ஏசுது?"

அய்யா திரும்பவில்லை. எண்ணெய் தடவுகிற கை மட்டும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தடவினார்.

"ஏசல ஆத்தா. அய்யாவுக்குத்தான் காது கேக்காதுல்ல. அதான் சத்தமாப் பேசுது."

சண்டை இல்லை என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோசமாகப் போய்விட்டது. விளையாட ஓடினேன். நான் கேட்டது அவருக்கு எப்படிக் கேட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை.