அணை நிலவரம்

நவம்பர் 26, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மழை விட்டிருந்தது. மாடியில் இருக்கும் மழைமானியைப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டேன். ஆறு மணிக்குப் பேப்பர் வந்தது. வழக்கம்போல முதலில் தலையங்கம், பிறகு உள்ளூர்ச் செய்திகள், கடைசியாக அணைகளின் நீர்மட்டம் போடும் கட்டம். மழைக்காலம் முடியும்வரை அந்தச் சிறிய கட்டத்தைத் தினமும் கத்தரித்து நாட்குறிப்பில் ஒட்டுவது என் பழக்கம். பாகூர்ப் பக்கம் ஆறு பெருகுவதற்கு இங்கே மழை பெய்ய வேண்டியதில்லை. மேற்கே அணையைத் திறந்தால் வெயில் அடிக்கிற நாளிலும் வெள்ளம் வரும். அதனால் பஜாரில் என் உரக்கடைக்கு வருகிறவர்கள் யூரியாவுக்கு முன்னால் அணையை விசாரிப்பார்கள்.

ஆறரைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். ஆற்றோரம் குத்தகை நிலத்தில் நெல் போட்டிருக்கிறார்கள். மாட்டுக் கொட்டகையும் அங்கேதான். ஒரு கறவை, ஒரு நிறைசினை. கணவர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்ப்பதால் மாலையில்தான் வருவார்.

“அண்ணே, அணைய தொறந்துட்டான்னு வாட்சப்புல வந்துச்சாம். மாட்ட மேட்டுக்கு ஓட்டுடின்னு அவுரு போன்ல கத்துறாரு. நெறமாசம். சேத்துல அம்மாந்தூரம் நடத்துனா கன்னு தங்குமா? பேப்பர்ல இன்னா போட்டிருக்கான், பாத்துச் சொல்லுங்க.”

அப்போதுதான் கட்டத்தை ஒட்டி முடித்திருந்தேன். அணை நிரம்ப இன்னும் பல அடி இருந்தது. அதைக் காட்டினேன்.

“வாட்சப்ப நம்பாதம்மா. போன வருசம் ஏரி ஒடஞ்சிடுச்சின்னு வந்துச்சே. உன் மாமியா மிக்சியத் தூக்கிக்கினு ஸ்கூல் மாடிக்கு ஓடல?”

அவள் சிரித்துவிட்டாள். “ஓடுனது மட்டுமா? மூடிய வுட்டுட்டேன்டின்னு பாதி வழில திரும்பிச்சே!”

“அச்சுல வந்தாத்தான் சேதி. மாடு அங்கியே இருக்கட்டும்.”

“நீங்க சொன்னா சரிண்ணே.”

எட்டரைக்குக் கடை திறந்தேன். பதினொரு மணிக்கு ஈர வேட்டியோடு ஒருவர் ஓடிவந்து, ஆற்றில் தண்ணீர் கரைக்கு மேல் போகிறது என்றார். அவளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். வாய்க்கால் பாலத்துக்கு அப்பால் சாலை தெரியவில்லை. நெல் வயலெல்லாம் ஒரே செம்மண் நீர்.

கறவை மாடு பாலத்தின் மேல் நனைந்து நின்றது. அவள் அதை ஓட்டிவந்துவிட்டு இரண்டாவதற்காகத் திரும்பிப் போயிருந்தாள். சினை மாட்டுக்கு அங்கே வலி கண்டுவிட்டது. படுத்த மாடு எழவில்லை. கயிற்றை அறுத்து, கொம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறாள். இடுப்பளவு தண்ணீர் வந்தபோது அங்கிருந்த இரண்டு ஆட்களால் அவளை மட்டும்தான் இழுத்துவர முடிந்தது. பாலத்தில் நின்று அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையின் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. முதலில் கொஞ்ச நேரம் மாடு கத்தும் சத்தம் கேட்டதாம்.

மாலையில் கணவர் வந்தார். தெருவே அவர்கள் வாசலில் கூடியிருந்தது. நானும் நின்றேன்.

“காலையிலேயே சொன்னன்ல? நான் சொன்னா உனுக்குக் காதுல ஏறாதா?”

மாமியார் சேர்ந்துகொண்டாள். “மகாராணிக்குச் சேத்துல கால் வைக்க வணங்கல. ரெண்டு உசுரு போச்சி. போதுமாடி?”

நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவள் மாட்டை ஓட்டாமல் விட்டாள். ஒரு வார்த்தையில் அதைச் சொல்லியிருக்கலாம். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “எனுக்குத்தான் புத்தி இல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அங்கிருந்தவர்களில் ஒருவர் என்னிடம், “அணை நெலவரம் இன்னா சார் இப்ப?” என்றுகூடக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து, கத்தரித்த பேப்பரை எடுத்துப் பார்த்தேன். கட்டம் இருந்த இடத்தில் ஓட்டை. அதன் மேல் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘நேற்று காலை நிலவரம்.’ நாட்குறிப்பின் பக்கம் சிறியது என்பதால் அந்த வரியை விட்டுவிட்டுத்தான் எப்போதும் வெட்டுவேன். இத்தனை வருடமும் முந்தின நாள் தண்ணீரை இன்றைய தேதியில் ஒட்டி வந்திருக்கிறேன். அவளுக்கு நான் காட்டியபோது அந்தக் கணக்கு ஒரு நாள் பழையது. வாட்சப்பில் வந்தது உண்மை. இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினேன். எழுதுவதால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

மறுநாள் எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், முதல் வேலையாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கணவர் மாட்டைப் புதைக்கக் குழி வெட்டப் போக மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தார். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மாமியாரும் இருந்தாள்.

“அவ மாட்ட ஓட்டலாமான்னு எங்கிட்டதான் வந்து கேட்டா. வேணாம்னு தடுத்தது நான்தான்” என்றேன்.